தோள் 14½ அங்குலம்: சிறிய உடல்வாகு கொண்ட திருநம்பிகள் ஆண்கள் உடையைப் பொருத்திக்கொள்வது எப்படி?

தேயிலைக்கணக்கு (கோத்தகிரி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவன். வயது 25. கோத்தகிரியை அடுத்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். உயரம் 5 அடி 1 அங்குலம். பைண்டர் (மார்பைத் தட்டையாக்கும் இறுக்கமான உள்ளாடை) அணிந்த நிலையில் மார்பு 33 அங்குலம், இடுப்பு 28, அதற்குக் கீழே உடல் மிக அகலமாக இருக்கும் இடத்தில் 37. தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை 14½. அளவுகளை முதலிலேயே எழுதிவிட்டால் பதில் சொல்பவர்களுக்கு எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைகளில் ஆண்கள் பிரிவில் எனக்குக் கிடைக்கும் மிகச் சிறிய சட்டையில் 38 என்று போட்டிருக்கிறது. அதை அணிந்தால் தோள் தையல் என் தோளைத் தாண்டி ஒன்றேகால் அங்குலம் கீழே இறங்கிவிடுகிறது. அப்பாவின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்ட பிள்ளையைப் போல் நிற்கிறேன். பேருந்தில் நடத்துநர் இன்னும் அரை டிக்கெட்டா என்று கேட்கவில்லை, அது ஒன்றுதான் குறை. சிறுவர் பிரிவில் 14 வயதுக்கான சட்டை தோளில் சரியாக உட்காருகிறது என்றாலும் நீளம் போதவில்லை. மேல் தட்டிலிருந்து ஒரு பேரேட்டை எடுக்கக் கையை உயர்த்தினால் சட்டை பேண்ட்டை விட்டு வெளியே வந்துவிடுகிறது. இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவது பொத்தானுக்கும் நடுவில் துணி வாய் திறந்துகொள்கிறது.

சென்ற மாதம் ஒரு தையற்கடையில் 38 அளவுச் சட்டைகள் இரண்டைக் கொடுத்து, "கொஞ்சம் பிடித்துத் தையுங்கள்" என்றேன். அவர் இடுப்பருகே இரண்டு பக்கமும் வளைத்துப் பிடித்து, முதுகில் இரண்டு டார்ட்டும் (உடல் வளைவுக்கேற்பத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல்) போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குத் திரும்பக் கிடைத்தது காலர் வைத்த குர்த்தி. "உங்களுக்கு இப்படித்தான் எடுப்பாக இருக்கும்" என்று அவர் சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. கூலியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

தை மாதத்தில் அக்காவுக்குத் திருமணம். வீட்டார் முதன்முறையாக என்னை மணமகளின் தம்பியாக முன்னால் நிறுத்தப் போகிறார்கள். காலையில் வேட்டி சட்டையில் அக்காவின் கையில் பொரியிட வேண்டும், மாலை வரவேற்புக்குக் கோட்டு அணிய வேண்டும். இவை தவிர அலுவலகத்துக்கு மூன்று சட்டைகளும் இரண்டு பேண்ட்டும் தேவைப்படுகின்றன. எதை ஆயத்தமாக வாங்குவது, எதைத் தைத்துக்கொள்வது, எதைத் திருத்த முடியும், எதைத் திருத்தவே முடியாது என்பதையும், என் கதை முழுவதையும் விவரிக்காமல் தையல்காரரிடம் என்ன சொல்லிக் கேட்பது என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இரண்டாம்பொத்தான் (கூடலூர்) எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் பத்து ஆண்டுகள் தடுமாறியது அங்கேதான். நம் வீட்டுப் பெண்கள் தையல்காரரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது உடம்பில் அளவெடுக்க விடுவது அபூர்வம். சரியாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றை "அளவு ரவிக்கை" என்று துணியோடு சேர்த்துக் கொடுப்பார்கள், அதைப் பார்த்து அவர் தைத்துவிடுவார். என் அம்மா அப்படிக் கொடுப்பதை எத்தனையோ முறை பார்த்திருந்தும், அதையே நானும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது முப்பது வயதுக்குப் பிறகுதான். உங்களுக்கு வேண்டியது ஓர் அளவுச் சட்டையும் ஓர் அளவு பேண்ட்டும். எவ்வளவு அலைந்தாலும் சரி, எத்தனை முறை திருத்தினாலும் சரி, அந்த ஒரு சட்டையைச் சரியாக்கிவிடுங்கள். அதன்பின் எந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும், "இந்தச் சட்டையைப் போலவே" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அளவு நாடா உங்கள் மேல் படவே தேவையில்லை, உங்களை யார் என்று யாரும் கேட்கவும் போவதில்லை.

"பிடித்துத் தையுங்கள்" என்ற சொல்லை மட்டும் இனி எங்கும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் தையல்காரரின் கை தானாக இடுப்புக்குத்தான் போகும். "பக்கத் தையல் அக்குளிலிருந்து கீழ்வரை நேராக வர வேண்டும், இடுப்பில் வளைவு கூடாது, முதுகில் டார்ட் கூடாது" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி, அவர் சீட்டில் எழுதும் வரை நில்லுங்கள். எழுதாத சொல் துணியை வெட்டும்போது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

பொத்தான்களுக்கு நடுவே வாய் திறப்பதற்கு ஒரு சிறிய மருந்து உண்டு. இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், வெளியே தெரியாதபடி உள்பக்கமாக ஒரு பிரஸ் பட்டன் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். என்னிடமுள்ள எல்லாச் சட்டையிலும் இருக்கிறது. என் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

பெண்கள் பிரிவில் கிடைக்கும் காலர் சட்டை ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள், அதைக் கேட்க வேண்டாம். ஆண்கள் சட்டையில் அணிபவரின் இடப்பக்கம் காஜாவும் வலப்பக்கம் பொத்தானும் வரும், பெண்கள் சட்டையில் அது மாறி வரும். காஜாவை இடம் மாற்ற முடியாது. மார்பில் டார்ட் போட்டு வெட்டிய துணியையும் நிமிர்த்த முடியாது.

பழையகத்தரி (உதகை) எழுதியது:

தம்பிக்கு வணக்கம். உதகையில் முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிச் சீருடையும் கோட்டும் தைத்தேன், இப்போது கண் பார்வை குறைந்ததால் வெட்டுவதை நிறுத்திவிட்டேன். கூடலூர்த் தம்பி அளவுச் சட்டை பற்றிச் சொன்னதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். கடையில் எங்களுக்கும் அதுதான் வசதி. நாடாவைப் பிடித்து அளவு சொல்லும்போது ஆள் மூச்சை இழுத்துக்கொள்வார், சட்டை அப்படிச் செய்யாது.

உங்கள் அளவுகளைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது தோள்தான். ஆண்கள் சட்டையில் எதை வேண்டுமானாலும் ஓரளவு சரிக்கட்டலாம், தோளை மட்டும் அவ்வளவு எளிதில் சரிக்கட்ட முடியாது. 38 அளவுச் சட்டையின் தோள் பெரும்பாலும் 17 அங்குலத்தை ஒட்டியிருக்கும். உங்களுடையது 14½ என்பதால் வித்தியாசம் 2½, அதாவது ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால். கையைப் பிரித்து, தோளை உள்ளே வெட்டி, மறுபடி கையை ஏற்றித் தைக்கும் வேலை ஒன்று இருக்கிறது என்றாலும், ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம், மிஞ்சினால் முக்கால் அங்குலம் வரைதான் அது செல்லும். அதற்கு மேல் வெட்டினால் கைக்குழி பெரிதாகிவிடும், கையின் தலைப்பகுதி அதற்குப் போதாது, மார்புப் பையும் அக்குளுக்குள் ஒளிந்துகொள்ளப் போவதைப் போல் தெரியும். ஆகவே 38 உங்களுக்கான சட்டை அல்ல, அதில் பணம் போட வேண்டாம். சிறுவர் பிரிவில் 15, 16 வயதுக்கு உரியது தோளில் 15 அல்லது 15½ இருந்தால் வாங்கலாம். ஆனால் நீளத்தைக் கட்டாயம் பாருங்கள். அதிகமாக உள்ள துணியை வெட்டலாம், குறைவாக உள்ளதை நாங்கள் எங்கிருந்து கொண்டுவருவது? கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு நாடா வைத்திருங்கள். காலரில் போட்டிருக்கும் எண் சில நிறுவனங்களில் மார்பளவை அங்குலத்தில் குறிக்கும், சிலவற்றில் கழுத்தளவைச் சென்டிமீட்டரில் குறிக்கும், அதை நம்பிப் பயனில்லை. சட்டையை மேசையில் விரித்து, ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரையும், அக்குளிலிருந்து அக்குள் வரையும், காலரின் அடியிலிருந்து கீழ்விளிம்பு வரையும் அளந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

என் கருத்தில் உங்களுக்குச் சட்டையைத் துணி எடுத்துத் தைப்பதே சிக்கனம். 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர் எடுப்பது வழக்கம். உங்கள் உடம்புக்கு அதில் மிச்சமாகும், இருந்தாலும் அவ்வளவே எடுங்கள், அந்த மிச்சம் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். பருத்தியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்துக் காய வைத்துக் கொடுங்கள். தோள் கால் அங்குலம் சுருங்கினால் மற்றவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

தையல்காரரிடம் கொடுக்க வேண்டிய அளவுகளை இப்படி எழுதுவேன். தோள் 15. எலும்பு முனையைப் பக்கத்துக்குக் கால் அங்குலம் தாண்டித் தையல் நின்றால் தோள் சற்று அகலமாகத் தெரியும், அதற்கு மேல் போனால் சரிந்துவிடும். மார்பு முடித்த அளவில் 38½. உங்கள் மார்புக்கு மேல் ஐந்தரை அங்குலம் தளர்வு இருக்கும்போது துணி உடம்பில் ஒட்டாமல் தோளிலிருந்து நேராகத் தொங்கும். கீழ்விளிம்பின் சுற்றளவு 40. இதுதான் முக்கியம். உங்களுக்கு மேலே 33, கீழே 37 என்பதால், சட்டையை மார்புக்கு அளவாக மட்டும் தைத்தால் கீழ்விளிம்பு போய் அகலமான இடத்தில் இடித்து நிற்கும், அதைப் பார்த்தவுடன் யாரும் இடுப்பைத்தான் கவனிப்பார்கள். 38½ இலிருந்து 40க்கு நேர்கோடாக இறக்கிவிட்டால் அந்த ஒன்றரை அங்குல விரிவு கண்ணுக்கே தெரியாது. கீழ்விளிம்பை வளைக்காமல் நேராக மடித்து, பக்கவாட்டில் இரண்டு அங்குலம் பிளவு விடச் சொல்லுங்கள். வெளியே விட்டு அணிவதற்கு நீளம் 26½, உள்ளே செருகி அணிவதற்கு 28. கழுத்து 13½. பெரிய ஆளின் காலரைச் சிறிய முகத்துக்குக் கீழே வைத்தால் முகம் இன்னும் சிறியதாகிவிடும் என்பதால், காலர் முனை இரண்டரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மார்புப் பையும் அகலம் நாலரைக்குள் இருக்கட்டும்.

ஆயத்தச் சட்டையில் கை நீளத்தைக் குறைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலோர் கைப்பட்டியைப் பிரித்து, கையைக் கீழே வெட்டி, மறுபடி பட்டியைத் தைத்துவிடுவார்கள். ஒரு அங்குலம் வரை அது சரி. ஒன்றரைக்கு மேல் போனால் கைப்பட்டிக்கு மேலே உள்ள பிளவு குட்டையாகி, அதிலிருக்கும் சிறு பொத்தான் பட்டியோடு மோதும். அப்படிப்பட்ட சட்டைக்கு மேலே, தோள் பக்கம் கையைப் பிரித்துக் குறைக்க வேண்டும். கூலி கூடுதலாகும், வேலை தெரிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள்.

பேண்ட்டுக்கு வருவோம். அதில் மட்டும் ஆயத்தமாக வாங்குவதே நல்லது. உங்கள் இடுப்பு 28 என்று எழுதியிருக்கிறீர்கள், அது உடம்பின் மிக ஒடுங்கிய இடம். பேண்ட்டை அங்கே ஏற்றிக் கட்டினால் கீழே உள்ள அகலம் முழுவதும் படம் போட்டுக் காட்டியதைப் போல் தெரியும். தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே நாடாவைச் சுற்றிப் பாருங்கள், 30 அல்லது 30½ வரும், பேண்ட் நிற்க வேண்டிய இடம் அதுதான். சீட் அளவு, அதாவது பின்புறச் சுற்றளவு, தளர்வாகப் பொருந்தும் 32 எண் பேண்ட்டை வாங்கி, இடுப்பைப் பின்னால் நடுத் தையலில் குறைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் பேண்ட்டில் இடுப்புப் பட்டி பின்பக்கம் நடுவில் இரண்டு துண்டாகச் சேர்க்கப்பட்டு, உள்ளே துணியும் விடப்பட்டிருப்பது இதற்காகத்தான். ஒன்றரை அங்குலம் தாராளமாகக் குறைக்கலாம். இரண்டைத் தாண்டினால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி ரகசியம் பேசும்.

நீளத்தை வெட்டும்போதும் கவனம் தேவை. கடையில் வாங்கும் பேண்ட்டில் முழங்காலுக்கு உரிய ஒடுக்கம் உயரமான ஆளுக்குக் கணக்கிட்டது. நீங்கள் கீழே நாலைந்து அங்குலம் வெட்டியதும் அந்த ஒடுக்கம் உங்கள் கெண்டைக்காலுக்கு வந்துவிடும், பாதத்தின் மேல் அகலமாக விழும், காலும் குட்டையாகத் தெரியும். வெட்டிய பிறகு தொடையின் நடுவிலிருந்து கீழ்வரை சீராகக் குறைத்துத் தையுங்கள் என்று சொல்லுங்கள். மிகவும் ஒடுக்கிவிடவும் கூடாது. கால் நேராக இறங்கினால்தான் மேலே உள்ள அகலமும் கீழே உள்ள அகலமும் சமமாகத் தோன்றும். சாய்வு பாக்கெட் வாங்கினால் அதன் வாய் பக்கவாட்டில் யானைக் காது போல விரிகிறதா என்று உட்கார்ந்து எழுந்து பாருங்கள். விரிந்தால் வாயின் அடியில் ஒரு அங்குலம் தைத்து மூடிவிடலாம்.

கோட்டைப் பொறுத்தவரை நீங்கள் இந்த மலையில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். சமவெளியில் 34 அளவுக் கோட்டு கேட்டால் சிரிப்பார்கள். இங்கே 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் ஆரம்பித்து எத்தனையோ உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குக் கோட்டு தைப்பவர்களின் கடைச் சுவரில் 30, 32, 34 என்று எழுதிய பழுப்பு அட்டைகள் ஆணியில் வரிசையாகத் தொங்கும். அந்த அட்டையில் வெட்டினால் தோளும் கைக்குழியும் உங்களுக்கு அப்படியே உட்காரும். பள்ளிக் கோட்டு என்று தெரியாமல் இருக்கச் சின்னம் வைத்த பையும் பித்தளைப் பொத்தானும் வேண்டாம் என்று சொன்னால் போதும், துணியைக் கரும்பழுப்பிலோ சாம்பல் நிறத்திலோ நீங்களே எடுத்துக்கொள்ளலாம். தோளுக்குள் மெல்லிய பேடு வைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஒற்றைப் பிளவு வேண்டாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிளவு இருந்தால் அகலமான இடத்தில் கோட்டு தூக்கிக்கொள்ளாமல் வழிவிட்டு விழும். நீளம் சீட்டை மூட வேண்டும். வெலிங்டன் பக்கம் படைவீரர்களுக்குச் சீருடை தைப்பவர்களும் தோள் வேலையில் தேர்ந்தவர்கள், ஆனால் அவர்கள் உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், இடுப்பில் கை வைக்க வேண்டாம் என்று இருமுறை சொல்லுங்கள்.

பனியன்வழி (மேட்டுப்பாளையம்) எழுதியது:

டீ ஷர்ட்டும் ஸ்வெட் ஷர்ட்டும் வேண்டுமானால் ஒருநாள் கீழே இறங்கி, அன்னூர், அவிநாசி வழியாகத் திருப்பூருக்கு வாருங்கள். ரயில் நிலையத்துக்கு அருகே காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் குவிந்திருக்கும். வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்தவை என்பதால் உள்ளூர்க் கடைகளில் வராத எக்ஸ்எஸ் அளவும் 14, 16 வயது அளவும் கிடைக்கும். அணிந்து பார்க்க அறை இருக்காது, மேலே ஐயா சொன்னபடி நாடாவோடு வாருங்கள். துணியின் எடையைக் கேட்டு வாங்குங்கள். 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) பனியன் துணி உடம்பின் ஒவ்வொரு வளைவையும் சொல்லிவிடும், 220க்கு மேல் இருந்தால் தானாக விறைத்து நிற்கும். உங்கள் குளிருக்கும் அதுவே ஏற்றது.

மலைச்செவிலி (குன்னூர்) எழுதியது:

தம்பி, நான் செவிலியர். தையல் எனக்குத் தெரியாது, பைண்டர் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் அணிய வேண்டாம், அணிந்துகொண்டு தூங்க வேண்டாம், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட வேண்டாம், கிரேப் பேண்டேஜைச் சுற்றிக் கட்டவே வேண்டாம். அது மூச்சு விடும்போது விரிந்து கொடுக்காமல் விலா எலும்புகளை அழுத்திக்கொண்டே இருக்கும். திருமணத்தன்று விடியற்காலை முகூர்த்தத்தில் தொடங்கி இரவு வரவேற்பு வரை பதினாறு மணி நேரம் ஆகலாம். மதியம் ஒரு அறையைப் பூட்டிக்கொண்டு கழற்றி வைத்து ஓய்வெடுக்க இப்போதே அக்காவிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மேட்டில் வேகமாக ஏறும் நாட்களிலும், மூச்சு இழுப்பு இருந்தாலும் பைண்டரைத் தவிருங்கள்.

நம் ஊரில் அதற்கு மாற்றும் இருக்கிறது. எஸ்டேட் அலுவலகங்களில் ஆண்கள் சட்டைக்கு மேல் கையில்லா ஸ்வெட்டர் அணிவது ஆண்டு முழுவதும் வழக்கம், யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. சற்றுத் தடித்த பின்னல் உள்ளதாக ஒன்று இருந்தால், அலுவலக நாட்களில் பாதி நாட்கள் பைண்டர் இல்லாமலே ஓட்டிவிடலாம். ஆகவே சட்டைக்கு அளவு பார்க்கும்போது பைண்டருடன் ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் அளந்து, பெரிய அளவைத் தையல்காரரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை, இங்கே எழுதவும் வேண்டாம். எடுப்பவராகவோ எடுக்கப் போகிறவராகவோ இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். வளர்ச்சி முடிந்த வயதில் தோள் எலும்பின் அகலம் அதிகரிக்காது. ஆனால் கழுத்தும் மேற்கையும் தோளின் தசையும் பருக்கும். இடுப்புப் பக்கத்துக் கொழுப்பு மெதுவாக, ஆண்டுக் கணக்கில் குறையலாம். விலை உயர்ந்த கோட்டை இப்போதே உடம்போடு ஒட்டத் தைக்காதீர்கள்.

பழையகத்தரி (உதகை) எழுதியது:

செவிலியர் அம்மா சொன்னதற்காகத்தான் துணியை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்றேன். பக்கத் தையலிலும் கையின் அடித்தையலிலும் உள்ளே ஒரு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். வழக்கமாக அரை அங்குலம்தான் விடுவார்கள். கோட்டின் முதுகு நடுத் தையலிலும் அவ்வாறே. இரண்டு ஆண்டு கழித்து மேற்கை பருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ஆயத்தச் சட்டையில் ஓவர்லாக் ஓட்டி ஓரத்தை நறுக்கியிருப்பார்கள், அதில் விடுவதற்கு எதுவும் இருக்காது.

இரண்டாம்பொத்தான் (கூடலூர்) எழுதியது:

வேட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடைகளில் கிடைக்கும் நாலு முழ வேட்டியின் அகலம் ஏறத்தாழ 50 அங்குலம். உங்கள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 36 அல்லது 37தான் இருக்கும், மீதி பதின்மூன்று பதினான்கு அங்குலத்தை என்ன செய்வது என்று நீங்கள் திகைப்பீர்கள். அதை வெட்டிவிடாதீர்கள். கட்டுவதற்கு முன் மேல்விளிம்பை உள்பக்கமாக மடித்துவிட்டு அதன்மேல் சுற்றினால் இடுப்பைச் சுற்றித் துணி தடித்து நிற்கும். ஒடுங்கிய இடம் நிரம்பி, மேலும் கீழும் ஒரே நேராகிவிடும். எனக்குத் தெரிந்தவரை நம் உடம்புக்கு இத்தனை அனுசரணையான ஆண் உடை வேறில்லை. ஒட்டு வேட்டி வாங்கினால் இந்த மடிப்பு வராது. சாதாரண வேட்டியை மடித்துக் கட்டி, மேலே பெல்ட் போட்டுக்கொண்டு, வீட்டில் ஒரு வாரம் பழகுங்கள். அது அவிழும் என்ற பயம் போய்விட்டால் பொரியிடும்போது உங்கள் கை நடுங்காது.

தேயிலைக்கணக்கு (கோத்தகிரி) எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் செவிலியர் அக்காவுக்கும் மேட்டுப்பாளையம் நண்பருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் தாமதமாகிவிட்டது. ஐயா சொன்னபடி 1.6 மீட்டர் பருத்தித் துணியை ஊற வைத்தேன். இரண்டு நாள் ஆகியும் வீட்டில் காயவில்லை. மூன்றாம் நாள் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய், பச்சை இலை வாட்டும் மாடியில், விசிறிக் காற்று வரும் தொட்டியின் ஓரமாக விரித்துவிட்டேன். மேற்பார்வையாளர் மதிய உணவு முடித்து வருவதற்குள் காய்ந்துவிட்டது. சட்டையில் இன்னும் லேசாகக் கொழுந்து வாசம் இருக்கிறது.

உதகையில் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு கடைக்குப் போனேன். சுவரில் அட்டைகள் ஐயா சொன்னபடியே தொங்கின. அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்ததால் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை. வெட்டுபவர் தாளைப் படித்துவிட்டு, "கீழே 40ஆ?" என்று ஒருமுறை கேட்டார். "ஆமாம், நேராக இறங்க வேண்டும்" என்றேன். "டார்ட் வேண்டாம் என்று போட்டிருக்கிறீர்கள், ஆண்கள் சட்டைக்கு யார் டார்ட் போடுவார்கள்?" என்று சிரித்தார். முந்தைய கடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் சட்டை வந்துவிட்டது. தோள் தையல் எலும்பைத் தாண்டிச் சரியாகக் கால் அங்குலத்தில் நிற்கிறது. வாய் திறக்கும் இடத்தில் பிரஸ் பட்டன் வைத்துவிட்டேன். வலது கை மட்டும் இடதை விடக் கால் அங்குலம் நீளமாகத் தெரிகிறது. ஒரு துவைப்புக்குப் பிறகு பார்த்துவிட்டுக் குறைக்கலாம் என்றார்கள். நேற்று இரவு அக்கா ஒரு தட்டில் அரிசியை வைத்து, அள்ளித் தன் கையில் போடச் சொல்லிப் பார்த்தாள். இடது கைப்பட்டி மணிக்கட்டு எலும்பின் மேல் நின்றது. வலது கைப்பட்டியில் நாலு அரிசி உள்ளே போய்விட்டது. அந்தச் சட்டையைத் துவைத்துக் காய வைத்த பிறகு அதையே அளவுச் சட்டையாக வைத்து மற்ற இரண்டையும் கொடுக்கப் போகிறேன். கோட்டுக்கு 34 அட்டையில் வெட்டியிருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை கை ஏற்றாமல் ஒருமுறை போட்டுப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது தோளில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று ஐயா சொன்னால் எழுதி எடுத்துப் போவேன்.

பழையகத்தரி (உதகை) எழுதியது:

உள்ளே அன்று போடப்போகும் அதே சட்டையை அணிந்து போங்கள், வெறும் பனியனோடு போகாதீர்கள். கண்ணாடியில் முன்பக்கம் பார்ப்பதோடு நிற்காமல், காலருக்குக் கீழே முதுகில் குறுக்காக ஒரு மடிப்பு விழுகிறதா என்று அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள். விழுந்தால் உங்கள் தோள் கோட்டின் தோள்சரிவை விட நிமிர்ந்திருக்கிறது என்று பொருள். கை ஏற்றுவதற்கு முன் சொன்னால் அரை மணி நேர வேலை, ஏற்றிய பிறகு சொன்னால் முழுக்கோட்டையும் பிரிக்க வேண்டும்.